மைன்ஸ்வீப்பர்: குருட்டாம்போக்கில் க்ளிக் செய்யாமல் ஆடுவது எப்படி?

பழைய விண்டோஸ் கணினியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேராவது மைன்ஸ்வீப்பரை ஒருமுறை திறந்து பார்த்திருப்பார்கள். சாம்பல் நிறக் கட்டங்கள், சிலவற்றுக்குள் மறைந்திருக்கும் வெடிகள், மேலே ஒரு மஞ்சள் முகம். நாலு இடத்தில் க்ளிக் செய்வார்கள், ஐந்தாவதில் வெடிக்கும், மூடிவிட்டு சாலிட்டேர் சீட்டாட்டம் பக்கம் போய்விடுவார்கள். அதிர்ஷ்ட விளையாட்டு என்ற கெட்ட பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது. கூட்டலும் கழித்தலும் தெரிந்தவர் தொடக்க நிலைப் பலகைகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம்.

ஆட்டத்துக்குப் போகுமுன் கொஞ்சம் பூர்வீகம். 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே ரிவர்சி என்ற விளையாட்டு இருந்தது. 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் சாலிட்டேர் வந்தது. அதை எழுதியவர் மைக்ரோசாஃப்டில் அப்போது பயிற்சி ஊழியராக இருந்த வெஸ் செர்ரி. எவ்வளவோ கணினிகளுக்குப் போன அந்த ஆட்டத்துக்கு அவருக்கு ராயல்டியாக ஒரு காசும் வரவில்லை. மேலாளர் வந்தால் சட்டென்று வேலைத் திரை போலக் காட்டும் ஒரு சாவியையும் அவர் வைத்திருந்தார். வெளியிடுமுன் அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர், ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ் கணினியின் ஐகான்களை வரைந்தவர்.

மைன்ஸ்வீப்பரை எழுதியவர்கள் ராபர்ட் டானர், கர்ட் ஜான்சன் இருவரும். 1990-இல் தனியாக விற்கப்பட்ட ஒரு விளையாட்டுத் தொகுப்பில் அது இருந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோது ரிவர்சியின் இடத்தைப் பிடித்தது. யோசனை அதைவிடப் பழையது. 1983-இல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்கு இயன் ஆண்ட்ரூ எழுதிய 'மைன்ட் அவுட்' விளையாட்டில், கண்ணிவெடி வயலை நடந்தே கடக்க வேண்டும். பக்கத்தில் எத்தனை வெடி என்று மட்டும் திரை சொல்லும். 1985-இல் டாஸ் கணினிக்கு வந்த 'ரிலென்ட்லெஸ் லாஜிக்' ஆட்டமும் நடைதான். நடப்பதை எடுத்துவிட்டு, பலகை முழுவதையும் மவுஸிடம் ஒப்படைத்ததுதான் மைன்ஸ்வீப்பர். சின்ன விண்டோ, சில நிமிட ஆட்டம், சேமித்து வைக்க எதுவும் இல்லை. அலுவலகத்துக்கு இதைவிடத் தோதான விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

படி 1: பலகையைப் படியுங்கள்

திறந்த கட்டத்தில் இருக்கும் எண், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி என்று சொல்கிறது. மூலைவிட்டமாகத் தொடுவதும் கணக்கில் சேரும். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். எண் இல்லாத வெற்றுக் கட்டம் என்றால் சுற்றிலும் வெடியே இல்லை. அதனால்தான் அது அக்கம்பக்கத்தையும் தானாகத் திறந்துகொண்டே போகிறது.

இடது க்ளிக் திறக்கும், வலது க்ளிக் கொடி நடும். மேலே இடப்பக்கம் இருப்பது மீதி வெடிகளின் எண்ணிக்கை. ஆனால் நீங்கள் தப்பான இடத்தில் கொடி நட்டாலும் அது ஒன்று குறையும், ஆகவே முழுதாக நம்ப வேண்டாம். வலப்பக்கம் விநாடிகள், 999-க்கு மேல் ஓடாது. வெடி இல்லாத கட்டங்கள் எல்லாவற்றையும் திறந்தால் வெற்றி. கொடி நட்டே ஆக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

படி 2: சின்னப் பலகையில் தொடங்குங்கள்

பழைய பதிப்பில் தொடக்க நிலை 8×8 கட்டம், 10 வெடி. பிற்பாடு 9×9 ஆனது. இடைநிலை 16×16, 40 வெடி. நிபுணர் நிலை 30×16, 99 வெடி. நிபுணர் நிலையில் கிட்டத்தட்ட ஐந்து கட்டத்துக்கு ஒரு வெடி. பலகை பெரிதாவதைவிட இந்த நெருக்கம்தான் ஆளைத் திணறடிக்கிறது.

படி 3: முதல் க்ளிக்

பயப்படாமல் நடுப்பகுதியில் எங்காவது தட்டுங்கள். விண்டோஸ் மைன்ஸ்வீப்பரில் முதல் க்ளிக் வெடிக்காது. பழைய பதிப்புகளில் அங்கே வெடி இருந்தால், அதை எடுத்து மேல் இடது மூலைப் பக்கம் வைத்துவிடும். ஒரே ஒரு எண் மட்டும் திறந்து நின்றால் புதுப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை எண்ணை முறைத்துப் பார்த்துப் பயனில்லை.

படி 4: இரண்டு விதிகள்

ஒரு எண்ணைச் சுற்றி மூடியிருக்கும் கட்டங்களும் அந்த எண்ணும் சமமாக இருந்தால், மூடிய எல்லாமே வெடி. ஒரு 1-ஐ ஒரே ஒரு மூடிய கட்டம் தொடுகிறது என்றால், அதில் கொடி நடுங்கள்.

இரண்டாவது இதன் மறுபக்கம்: எண்ணுக்குரிய வெடிகளை எல்லாம் கண்டுபிடித்துவிட்டால், சுற்றியுள்ள மற்ற கட்டங்களைத் தைரியமாகத் திறக்கலாம். தொடக்க நிலையில் முக்கால்வாசி ஆட்டம் இந்த இரண்டிலேயே ஓடிவிடும்.

படி 5: இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

ஆட்டம் ருசிக்கத் தொடங்குவது இங்கே. பலகையின் இடது ஓரத்திலிருந்து 1, 1 என்று இரண்டு எண்கள். அவற்றுக்கு மேலே மட்டும் மூடிய கட்டங்கள் அ, ஆ, இ. ஓரத்து 1 தொடுவது அ, ஆ இரண்டை; எனவே வெடி அவற்றில் ஒன்றில். அடுத்த 1 தொடுவது மூன்றையும். அதன் ஒரே வெடி அ, ஆ-வுக்குள் ஏற்கெனவே முடங்கிவிட்டது. ஆகவே இ-யைத் திறக்கலாம். எந்தக் கட்டத்தில் வெடி என்று தெரியாமலேயே ஒரு கட்டம் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

அடுத்து 1, 2. நேர்க்கோட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. மேலே மூடிய கட்டங்கள் அ, ஆ, இ, ஈ. 1 தொடுவது அ, ஆ, இ. 2 தொடுவது ஆ, இ, ஈ. ஆ, இ இரண்டிலும் சேர்த்து ஒரு வெடிக்கு மேல் இருந்தால் 1 பொய்யாகிவிடும். அப்படியானால் 2-இன் இன்னொரு வெடி ஈ-யில்தான். கூடவே அ-வும் காலி.

இதையே இரண்டு பக்கமிருந்தும் போட்டால் 1-2-1 கிடைக்கும்: 1-களுக்கு நேர் மேலே வெடி, 2-க்கு மேலே காலி. 1-2-2-1 என்றால் இரண்டு 2-களுக்கு மேலேயும் வெடி. மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் வெடி ஏற்கெனவே தெரிந்திருந்தால் எண்ணிலிருந்து அதைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும். ஒரு கொடியைத் தொடும் 3, உங்களுக்கு 2 மாதிரி.

படி 6: இரண்டு பட்டனும் சேர்த்து

ஒரு எண்ணுக்குரிய கொடிகளை நட்டபிறகு, அந்த எண்ணின் மேல் இடது, வலது பட்டன்களைச் சேர்த்து அழுத்துங்கள். சுற்றியுள்ள மற்றவை ஒரே அடியில் திறக்கும். கொடி தப்பு என்றால் வெடிக்கும், அவ்வளவுதான்.

பழைய பதிப்பில் ஒரு குறுக்குவழியும் உண்டு. xyzzy என்று தட்டி, ஷிப்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால், கர்சர் வெடி மேல் இருக்கிறதா என்பதைத் திரையின் மேல் இடது மூலையில் ஒற்றைப் புள்ளி நிறம் மாறிக் காட்டும். அந்த மந்திரச் சொல் 1970-களில் பெரிய கணினிகளில் ஆடப்பட்ட 'கொலாசல் கேவ்' குகை விளையாட்டிலிருந்து வந்தது. ஆராய்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஊகிக்கத்தான் வேண்டும் என்றால்

சில பலகைகளில் தர்க்கம் தீர்ந்துபோகும். மூலையில் இரண்டு கட்டம், ஒரு வெடி, வேறு தகவல் எதுவும் வர வழியில்லை. இதைக் கடைசிவரை ஒத்திப்போடுபவர்கள் அதிகம். நான் உடனே தட்டிவிடச் சொல்வேன். எப்படியும் பாதிக்குப் பாதிதான். தோற்பதானால் பத்து நிமிடம் உழைப்பதற்கு முன்பே தோற்கலாம். வேறு பக்கத்திலிருந்து தகவல் வர வாய்ப்பிருந்தால் மட்டும் காத்திருங்கள். ஆட்டத்தின் முடிவில் மீதி வெடி எண்ணிக்கையையும் பாருங்கள், சில முடிச்சுகளை அதுவே அவிழ்த்துவிடும்.

பலகை உங்களை மணிக்கணக்கில் முறைக்க வைத்தால் வருத்தப்பட வேண்டாம். ஒரு மைன்ஸ்வீப்பர் நிலை முரணில்லாததா என்று சொல்வது கணினிக்கே கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று 2000-இல் ரிச்சர்ட் கேய் என்ற கணிதவியலாளர் நிறுவியிருக்கிறார். விண்டோஸ் 8 முதல் இந்த ஆட்டம் கணினியோடு சேர்ந்து வருவதில்லை. உலாவியில் தேடினால் இலவசமாகவே கிடைக்கும். தொடக்க நிலையைத் தேர்ந்தெடுத்து, நடுவில் ஒரு தட்டு தட்டுங்கள்.