அப்பாவின் மாத்திரைக்கு அலாரம் வைக்கும் முன்

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் செல்பேசியில் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வயது 74. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு ஐந்து அலாரம் வைத்தேன். ஒரு வேளை தவறினாலும் எனக்குத் தகவல் வரும்படி செய்தேன். பத்தே நாளில் அவர் செயலியை அழித்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அது என்னைப் பற்றி உன்னிடம் கோள் சொல்கிறதே அம்மா, அதை நான் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?" என்றார்.

அவருக்குச் செல்பேசி வராது என்று யாரும் சொல்ல முடியாது. யூடியூபில் பிரதோஷ நேரலை பார்க்கிறார், வாட்ஸ்அப்பில் உறவினர் எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்புகிறார். 'பெரியவர்களுக்கு இதெல்லாம் பிடிபடாது' என்று முடிவு கட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஒரு புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏற்பதும் ஒதுக்குவதும் முக்கியமாக இரண்டு கேள்விகளைப் பொறுத்தது என்று ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் எழுதினார்: இதனால் எனக்குப் பயன் உண்டா? இது எனக்கு எளிதாக இருக்குமா? நான் வைத்த செயலியில் நிம்மதி எனக்கு, தொந்தரவு அப்பாவுக்கு. வேறென்ன நடந்திருக்கும்? பிள்ளைகளுக்குத் தகவல் போகலாமா என்பதைப் பெரியவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு, மாத்திரை தவறுவதற்கெல்லாம் மறதிதான் காரணம் என்று நினைப்பது. வசதியான நாடுகளில்கூட, நீண்டகால நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. தலைசுற்றுகிறது என்று நிறுத்துபவர்கள் உண்டு. மாதக் கடைசி வரை வரட்டும் என்று பாதியாக உடைத்துப் போடுபவர்கள் உண்டு. சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரையைப் பஸ் பயணத்துக்குப் பயந்து வேண்டுமென்றே விடும் பாட்டிகளும் உண்டு. இவர்களுக்கு அலாரம் எதற்கு? மருத்துவரிடம் சொன்னால் நேரத்தை மாற்றித் தரலாம், வேறு மருந்து தரலாம். முதலில் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது நேரத்தைப் பதிவு செய்யும்போதுதான். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையிலும் இரவிலும் என்று பொருள். செயலியோ மணி கேட்கும். நாம் எட்டு மணி என்று போட்டுவிடுவோம். அப்பா அமாவாசையன்று தர்ப்பணம் முடித்து, படையல் போட்டு, மதியம்தான் சாப்பிடுவார். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை எட்டு மணி அலாரத்துக்குப் போட்டுவிட்டு மதியம் வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு சடாரென இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று தொடங்கி மயக்கம் வரை போகலாம். எனவே இத்தகைய மாத்திரையைக் கடிகாரத்தோடு கட்டாமல் சாப்பாட்டோடு கட்டுங்கள். விரத நாளுக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தைராய்டு மாத்திரை இதற்கு நேர் எதிர். வெறும் வயிற்றில், காபிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து. செயலியில் 'தினமும்' என்பது அப்படியே இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பதிவு செய்து முடித்ததும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொருவரையும் அருகில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்.

மாத்திரையை 'வெள்ளை வட்டம்', 'மஞ்சள் நீளம்' என்று பதிவதும் கூடாது. மருந்துக்கடையில் கம்பெனி மாறும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரையும் கடையில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருந்தாலும் பார்க்க வேறாக இருக்கலாம். வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். மெட்ஃபார்மின் 500 மி.கி. என்று மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள்.

வயதானால் கீச்சென்ற ஒலிதான் முதலில் காதில் விழாமல் போகும். தாழ்ந்த, கனமான ஒலியைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு சில செல்பேசிகளில் செயலியையே உறங்க வைத்துவிடும். அலாரம் அடிக்கிறதா என்று இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

'எடுத்துவிட்டேன்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனவர், வழியில் யாரோ கூப்பிட, மாத்திரையை மறப்பார். விழுங்கிய பிறகே அமுக்க வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், யாரையும் கேட்காமல் மறுபடி போடக் கூடாது. இதற்குத்தான் கிழமை எழுதிய மாத்திரை டப்பா உதவும், அறை காலியா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டாபிகாட்ரான் போன்றவை ஈரம் பட்டால் கெடும், அவற்றை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடக் கூடாது. எதைப் பிரிக்கலாம் என்று மருந்தாளுநரைக் கேளுங்கள்.

இப்போது அப்பாவின் செல்பேசியில் இரண்டே அலாரம், ஒலியும் நேரமும் அவர் தேர்ந்தெடுத்தவை. எனக்கு எந்தத் தகவலும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை டப்பாவை அவரே நிரப்புகிறார். ஏதாவது தீரப்போகிறது என்றால் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறார்.