நயாகரா பாலத்தைத் தாண்டும் முன்: எஃப்-1 மாணவர்கள் செய்யும் தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் படிக்கிறவர்களுக்கு நயாகரா அருவி காரில் அரை மணி நேரம். போய் நின்றதும் யாராவது ஒருவர் சொல்வார்: "அந்தப் பக்கம் போனாதான் முழுசா தெரியும்டா." ரெயின்போ பாலத்தில் நடந்தால் பத்தே நிமிடத்தில் கனடா. அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1 இருக்கிறதே, விட்டுவிடுவார்கள் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். மெக்சிகோ அப்படியில்லை, செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றிப் பார்க்கத் தனி விசா கேட்பதில்லை.

போவதைவிடத் திரும்பி வருவதில்தான் சிக்கல் அதிகம். கல்லூரி தரும் மாணவர் படிவமான ஐ-20-இல் கல்லூரி அதிகாரியின் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்காமலே பலர் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து ஓராண்டுக்குச் செல்லும்; ஓபிடி-யில் (படிப்பு சார்ந்த வேலைக்கான அனுமதி) இருப்பவர்களுக்கு ஆறே மாதம்.

பாஸ்போர்ட்டில் விசா முடிந்துவிட்டதா? ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் (தூதரகத்தில் புது விசா வாங்குவது) முடிக்காமல் எல்லையைத் தாண்டவே கூடாது என்பார்கள் சீனியர்கள். முழு உண்மையல்ல. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாட்களுக்குள் திரும்பினால், காலாவதியான விசாவோடே உள்ளே வர ஒரு விதி இருக்கிறது: ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன். எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு அருகிலுள்ள கரீபியன் தீவுகளும் இதில் சேரும். எச்-4-இல் (எச் வகை வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) வந்து உள்ளேயே எஃப்-1-க்கு மாறியவர்களுக்கும் இது பொருந்தும். கையில் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு), கையெழுத்திட்ட ஐ-20, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். ஐ-94-ஐக் கிளம்பும் முன்பே பிரின்ட் எடுத்துவிடுங்கள். விமான நிறுவனக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் போகலாம். அரசுத் தளத்தில் உள்ள விதியின் பிரின்ட்டும் பையில் இருக்கட்டும்.

இந்தச் சலுகையைத் தாங்களே கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. "டொரன்டோ போறோம்ல, அப்படியே ஸ்டாம்பிங்கும் முடிச்சிடலாம்" என்று விண்ணப்பித்தால் ரீவேலிடேஷன் போய்விடும். விசா கிடைத்தால் சரி. மறுத்தால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். அறை, வகுப்பு, வண்டி எல்லாம் இந்தப் பக்கம்.

தீவுகளில் வரைபடத்தை நம்பாதீர்கள். கடல் தாண்டி இருந்தாலும் போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காதான். அதன் தலைநகர் சான் ஹுவானுக்கு உள்நாட்டு விமானம். அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்கும் அப்படித்தான். அதற்காகப் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸிலிருந்து பெருநிலத்துக்குத் திரும்பும்போது விமான நிலையத்திலேயே அதிகாரிகள் காகிதம் கேட்பார்கள். அதே செயின்ட் தாமஸில் படகு ஏறினால் சிறிது நேரத்தில் டோர்ட்டோலா. பெயரில் இதுவும் வர்ஜின் தீவுதான், ஆனால் பிரிட்டனுடையது. அங்கே கால் வைத்தால் அமெரிக்காவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு.

மியாமியிலிருந்து கிளம்பும் கப்பல் சுற்றுலாவும் அந்த வகைதான். மியாமிக்கே திரும்புகிற கப்பல்தானே, பாஸ்போர்ட் இல்லாமல் போகலாம் என்று அமெரிக்க நண்பன் சொன்னால், அது அவனுக்கு, நமக்கு இல்லை. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கியூபாவுக்குப் போவதாக இருந்தால் இன்னும் கவனம். அதுவும் பக்கத்துத் தீவுதான், ஆனால் ரீவேலிடேஷன் விதி அதை மட்டும் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது.