இசபெல்லாவின் வாழ்க்கையை இரண்டு சார்ட் பேப்பரில் அடக்குவது எப்படி

இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் அரசின் அரசி முதலாம் இசபெல்லாவைப் பற்றிப் பள்ளி புராஜெக்ட் என்றால், நடுவில் ஒரு படம், சுற்றிலும் பத்து வரி என்று பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள். ஆண்டுகள் இருக்கும்; எது எதற்கு எவ்வளவு பக்கத்தில் நடந்தது என்பது தெரியாது. அளவு பிசகாமல் ஒரு காலக்கோடு வரைந்தால் அது தானே தெரியும்.

தில்லி நயி சடக்கில் முழு சார்ட் பேப்பர் இரண்டு வாங்குங்கள். ஒன்று சுமார் 71 செ.மீ. நீளம், 56 செ.மீ. அகலம். நீளவாக்கில் 2 செ.மீ. மேலேறும்படி ஒட்டினால் 140 செ.மீ. வரும். தண்ணிப் பசை வேண்டாம், தாள் சுருங்கும். குச்சிப் பசை போதும். ஒட்டிக் காய்ந்த பிறகுதான் கோடு போட வேண்டும். இணைப்பு சரியாக 1478ஐ ஒட்டி விழும். அந்த மடிப்பின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் மை பரவும், பால்பாயிண்ட் பிடியுங்கள்.

ஓர் ஆண்டுக்கு 2.5 செ.மீ. 1451 முதல் 1504 முடிய 54 ஆண்டு, 135 செ.மீ. இரு பக்கமும் 2.5 செ.மீ. மிஞ்சும். ஆண்டிலிருந்து 1451ஐக் கழித்து 2.5ஆல் பெருக்குங்கள், ஒரு மாதத்துக்கு 2 மி.மீ. கூட்டினால் போதும். 1469 அக்டோபர் 19, வல்லடோலிடில் ஃபெர்னாண்டோவுடன் திருமணம்: 45 செ.மீ.யோடு கிட்டத்தட்ட 2, ஆக 47. 1474 டிசம்பர் 13, செகோவியாவில் அரசியாக அறிவிக்கப்பட்டது: 60க்கு ஒரு மயிரிழை முன்னால்.

திருமணப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு அவசியம். இருவரும் நெருங்கிய உறவு, போப்பின் அனுமதி இல்லாமல் மணக்க முடியாது. காட்டப்பட்ட அனுமதிக் கடிதம் போலி. உண்மையானது 1471இல்தான் வந்தது. அண்ணன் நான்காம் என்ரிக்கேயிடம் 1468இல் கொடுத்த வாக்கையும் மீறிய கல்யாணம் இது. 1475இல் வாரிசுப் போர் மூண்டு 1479 வரை இழுத்ததற்கு இதுவும் ஒரு வேர்.

ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரானடா மீது நடந்த போரைப் புள்ளியாக வைக்காதீர்கள். 1482 முதல் 1492 வரை சுமார் 25 செ.மீ. நீளப் பட்டையாகத் தீட்டுங்கள். அதன் கீழே பிள்ளைகளுக்கு ஐந்து மெல்லிய கோடுகள்: இசபெல் 1470, ஹுவான் 1478, ஹுவானா 1479, மரியா 1482, கத்தலினா 1485. ஹுவான், ஹுவானா பெயர்களின் முதலெழுத்தான J ஸ்பானிய மொழியில் 'ஹ' ஒலிதான். ஜுவானா என்று எழுத வேண்டாம். ஹுவானின் கோடு 1497இல் அறும், மூத்தவள் இசபெலின் கோடு 1498இல், அவள் மகன் மிகேலின் சின்னக் கோடு 1500இல். வாரிசுரிமை ஹுவானாவிடம் எப்படி வந்தது என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

சிக்கல் 1492இல் வரும். 2.5 செ.மீ.க்குள் எதுவும் அடங்காது. அடியில் 36 செ.மீ. நீளத்தில் ஒரு கட்டம் வரைந்து, மாதத்துக்கு 3 செ.மீ. கொடுங்கள். ஜனவரி 2 கிரானடா சரண். மார்ச் 31 யூதர்களை வெளியேற்றும் ஆணை. ஏப்ரல் 17 கொலம்பஸுடன் சாந்தா ஃபே ஒப்பந்தம். ஆகஸ்ட் 3 கப்பல் புறப்பாடு. அக்டோபர் 12 கரை கண்டது. ஆணைக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே 17 நாள், அதாவது ஒன்றே முக்கால் செ.மீ.கூட இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்கப்போகும் இடம் இதுதான். அரசி நகையை அடகு வைத்துப் பயணத்துக்குப் பணம் கொடுத்தார் என்ற கதையை எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள். பணத்துக்கு ஏற்பாடு செய்தவர் ஃபெர்னாண்டோவின் நிதி அதிகாரி லூயிஸ் தெ சாந்தாங்கெல்.

தலைப்பில் 'ஸ்பெயின் ராணி' என்று போடுவதும் தவறு. ஆட்சி செய்தது காஸ்டீலை. பக்கத்து அரசான அரகோன் கணவருடையது, சட்டம் வேறு, மன்றம் வேறு. அலங்காரத்துக்கு அம்புக்கட்டும் நுகத்தடியும் போதும். அம்புக்கட்டு இசபெல்லாவுடையது, ஏனென்றால் அம்புக்கான ஸ்பானியச் சொல் கணவர் பெயரின் முதலெழுத்தில் தொடங்கும். நுகத்தடி கணவருடையது, அதற்கான ஸ்பானியச் சொல் அதேபோல் அரசியின் பெயரை அன்று எழுதிய Y எழுத்தில் தொடங்கும். மாதுளம்பழத்தை 1492க்கு முன்னால் வரைந்துவிடாதீர்கள், கிரானடா விழுந்த பிறகுதான் அது சின்னத்தில் ஏறியது.

நடுக்கோட்டுக்குக் கீழே நம்மூர்ப் பட்டை ஒன்று. இசபெல்லா பிறந்த 1451 ஏப்ரலில்தான் பஹ்லூல் லோடி தில்லி அரியணையில் அமர்ந்தார். 1485இல் விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மர். 1489இல் சிக்கந்தர் லோடி, லோடி தோட்டத்துக் கல்லறைக்காரர். 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் வாஸ்கோ ட காமா. அனுப்பிய போர்ச்சுகல் மன்னர் மானுவெல் இசபெல்லாவின் மருமகன்.

படங்களுக்கு தில்லி அனுமன் ரோட்டில் உள்ள ஸ்பானியப் பண்பாட்டு மையமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்டஸின் நூலகத்தைப் பாருங்கள். இணையத்தில் தேடினால் 19ஆம் நூற்றாண்டு இரண்டாம் இசபெல்லாவின் படமும் கலந்து வரும்.

மறைவு 1504 நவம்பர் 26, மெதீனா தெல் காம்போ: 134.8 செ.மீ. கிரானடா ராஜ ஆலயத்துக்கு உடல் மாற்றப்பட்டது 1521இல், தாளுக்கு வெளியே. வலது ஓரத்தில் அம்புக்குறி போட்டு ஆண்டை மட்டும் எழுதுங்கள். எழுதிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டினால் இணைப்பு பிரியாது.