மர வளையத்தில் பதிந்த சூரியப் புயலைக் கண்டறிவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானின் யாக்குஷிமா தீவில் வளர்ந்த சுகி என்னும் ஊசியிலை மரங்களின் வளையங்களில், கி.பி. 774-க்கும் 775-க்கும் இடையே கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் அணுக்களின் அளவு ஆயிரத்துக்கு 12 பங்கு திடீரென உயர்ந்திருப்பதை நகோயா பல்கலைக்கழகத்தின் ஃபுசா மியாகேவும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்டார்கள். இத்தகைய உயர்வுகள் இன்று மியாகே நிகழ்வுகள் என அழைக்கப்படுகின்றன. அவற்றைக் கண்டறியும் முறையை, அந்த 775-ஆம் ஆண்டு வளையத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சூரியன் பெருமளவில் வெடித்துச் சீறும்போது வெளிப்படும் அதிவேகப் புரோட்டான்கள் புவியின் மேல் வளிமண்டலத்தைத் தாக்கி நியூட்ரான்களைச் சிதறடிக்கின்றன. அந்த நியூட்ரானை ஏற்கும் நைட்ரஜன் அணு கார்பன்-14 ஆக மாறி, ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்து, ஒளிச்சேர்க்கை வழியாக மரத்துக்குள் நுழைந்து, அந்த ஆண்டின் வளையத்தில் தங்கிவிடுகிறது. வறட்சி வந்த ஆண்டில் வளையம் குறுகும்; காட்டுத்தீ தழும்பை விட்டுச்செல்லும். சூரியப் புயலோ கண்ணுக்குத் தெரியும் எந்த அடையாளத்தையும் விடுவதில்லை என்பதால், நிற மாற்றத்தையோ வெடிப்பையோ தேட வேண்டாம்.

படி 2: ஒவ்வொரு வளையத்துக்கும் உரிய ஆண்டைக் குறியுங்கள்

என் கருத்தில் முழு வேலையின் உயிரும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஓர் ஆண்டு பிசகினாலும், ஒரு மரத்தின் உயர்வு இன்னொரு மரத்தின் உயர்வோடு பொருந்தாமல் போய்விடும்.

எண்ணிப் பழக விரும்புகிறவர்கள் ஒரு தேக்குத் துண்டை எடுத்துக்கொள்ளலாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதில்லை, தேக்கில் அமைகிறது. துண்டின் குறுக்குவெட்டு முகத்தை முதலில் சொரசொரப்பான உப்புத்தாளாலும், பிறகு படிப்படியாக மென்மையான தாளாலும் தேய்த்து, கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு 10-ஆவது வளையத்தில் ஒரு புள்ளி, 50-ஆவதில் இரண்டு, 100-ஆவதில் மூன்று என்று பென்சிலால் இடுவது இத்துறையினரின் வழக்கம்.

ஆனால் எண்ணுவது மட்டும் போதாது. கடுமையான ஆண்டில் மரம் சில பக்கங்களில் வளையமே இடாமல் விடுவதுண்டு. ஒரே ஆண்டில் பொய் வளையம் ஒன்றைக் கூடுதலாக இடுவதும் உண்டு. ஆகவே ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த பல மரங்களின் அகன்ற, குறுகிய வளையங்களின் வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துப் பிழைகளைத் திருத்த வேண்டும். உயிருள்ள மரத்தில் தொடங்கி, பழைய கட்டட உத்தரங்கள், சேற்றில் புதைந்த மரங்கள் என வரிசையைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போனதால்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு, ஆண்டு தவறாத அட்டவணை நமக்குக் கிடைத்திருக்கிறது.

படி 3: வளையத்தைப் பிரித்து அளவிடுங்கள்

இங்கிருந்து வேலை ஆய்வகத்துக்குச் செல்கிறது. கூரிய கத்தியால் ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே சீவி எடுத்து, அமிலத்தாலும் காரத்தாலும் கழுவி, வெளுத்து, மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை மட்டும் பிரிக்கிறார்கள். பிசின் போன்ற பொருள்கள் வளையம் விட்டு வளையம் நகரக்கூடியவை. செல்லுலோஸ் உருவான இடத்திலேயே நிற்கும். அதை எரித்து, கிடைக்கும் வாயுவைக் கிராஃபைட்டாக மாற்றி, அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியான முடுக்கி நிறைமாலைமானியில் கார்பன்-14 அணுக்களை எண்ணுகிறார்கள்.

படி 4: வரைபடத்தை வாசியுங்கள்

கார்பன்-14-இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள் என்பதால், 775-இல் உருவான அணுக்களில் ஏறக்குறைய 86 சதவீதமே இன்று எஞ்சியிருக்கும். வளையத்தின் ஆண்டு தெரிந்திருப்பதால் இந்த இழப்பைக் கணக்கிட்டு ஈடுசெய்ய முடிகிறது. பிறகு வரைகோட்டின் வடிவத்தைக் கவனியுங்கள். சூரியனின் வழக்கமான 11 ஆண்டுச் சுழற்சி மெல்லிய ஏற்ற இறக்கமாகத் தெரியும். பெரும்புயலோ ஓரிரு ஆண்டுகளில் செங்குத்தாக ஏறி, கூடுதல் கார்பன் கடலுக்கும் தாவரங்களுக்கும் பரவப் பரவ, பல ஆண்டுகளில் மெதுவாக இறங்கும். ஐந்து அல்லது பத்து வளையங்களைச் சேர்த்து அளந்தால் இந்தச் செங்குத்தான ஏற்றம் மழுங்கிவிடும். 2012-க்கு முன் இது கண்ணில் படாமல் இருந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

படி 5: சூரியன்தானா என்று உறுதிசெய்யுங்கள்

ஒரு தீவின் மரங்களை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் ஓக் மரங்களிலும் நியூசிலாந்தின் கௌரி மரங்களிலும் அதே உயர்வு காணப்பட்டதால், அது புவி முழுவதையும் தொட்ட நிகழ்வு என்பது தெளிவாயிற்று. ஆனால் விண்மீன் வெடிப்போ காமாக் கதிர் வெடிப்போ காரணமாக இருக்கலாம் என்ற கருத்தும் தொடக்கத்தில் முன்வைக்கப்பட்டது. கிரீன்லாந்து, அன்டார்க்டிகா பனிப்படலங்களில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில், கார்பன்-14 போலவே துகள்கள் வளிமண்டலத்தைத் தாக்கும்போது உருவாகும் பெரிலியம்-10, குளோரின்-36 அணுக்களும் அதே காலத்தில் உயர்ந்திருப்பதும், அவற்றுக்கிடையேயான விகிதம் சூரியப் புரோட்டான்களுக்குப் பொருந்துவதும் 2015-இல் காட்டப்பட்ட பிறகு, சூரியனே காரணம் என்ற முடிவு வலுப்பெற்றது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறக்கச் செய்த 1859-ஆம் ஆண்டின் காரிங்டன் புயல்கூட மர வளையங்களில் தெளிவான தடம் எதையும் விடவில்லை என்பதோடு இதை ஒப்பிட்டால், 775-ஆம் ஆண்டு வளையம் எவ்வளவு வலிய துகள் மழையைப் பதிவு செய்திருக்கிறது என்பது விளங்கும்.

படி 6: கண்டறிந்ததைக் காலக் குறியாகப் பயன்படுத்துங்கள்

கி.பி. 993, கி.மு. 660, கி.மு. 5259 எனப் பிற உயர்வுகளும் பின்னர் கண்டறியப்பட்டன. பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதியில் ஓர் ஆற்றங்கரையில் புதைந்திருந்த மரங்களில், ஏறக்குறைய 14,300 ஆண்டுகளுக்கு முந்தைய உயர்வு ஒன்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. இவை எல்லா மரங்களிலும் ஒரே காலத்தில் பதிந்தவை என்பதால், ஒப்பிட அட்டவணை கிடைக்காத மரத்துக்கும் ஆண்டு சொல்ல உதவுகின்றன.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில், வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் குடியிருப்பில், உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகள் கிடைத்திருந்தன. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: பட்டையை ஒட்டிய கடைசி வளையத்தை ஒன்று எனக் கொண்டு உள்நோக்கி எண்ணும்போது 29-ஆவது வளையத்தில் 993-ஆம் ஆண்டின் உயர்வு தென்பட்டது. இடையில் 28 ஆண்டுகள். ஆகவே மரம் வெட்டப்பட்டது 1021-இல். வெவ்வேறு மூன்று மரங்களும் இதே ஆண்டைத் தந்தன. 2021-இல் வெளியான இந்த முடிவால், ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் இருந்த ஓர் ஆண்டைத் திட்டவட்டமாகச் சொல்ல முடிந்தது.