மாசி பிறந்ததும் புறவாசலில்

வசந்த காலத்துக் காய்கறித் தோட்டத்தை நம் ஊர்க் கணக்கில் மாசி, பங்குனித் தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கும், ராத்திரியில் குளிர்ச்சியும் இருக்கும். பிப்ரவரி 13 வாக்கில் மாசி பிறக்கிறது, மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. நடுவில் 80 நாள். அதற்குள் செடி வேர் இறக்கிக் காய்க்கவும் தொடங்கிவிட்டால் கோடையைத் தாங்கும். பங்குனிக் கடைசியில் விதைத்தால் நாற்று தலை தூக்கும்போதே வெயிலில் சுருண்டுவிடும்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 15 அடி செம்மண் இடம் இருந்தும், முதல் வருஷம் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பிளாஸ்டிக் தொட்டி அடுக்கி, அதில் பங்குனியில் நாற்று விட்டேன். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், நாற்பது நாற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தொட்டியைத் தொட முடியாத சூடு. அன்றிலிருந்து கோடைக்காய் எல்லாம் தரையில்தான்.

என்ன விதைப்பது? வெண்டை, சீனி அவரை (கொத்தவரை), சுரை, புடலை, வெள்ளரி, தண்டுக்கீரை. இவை வெயிலுக்குப் பிறந்தவை. தக்காளி வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும், இங்கே பங்குனியிலேயே தாண்டிவிடுகிறது. தக்காளியை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதமே குழி எடுத்து ஆறப்போட வேண்டும். கொடிக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். எடுத்த மண்ணில் பாதியும் மக்கிய சாணி எரு பாதியும் கலந்து நிரப்பி, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். ஆட்டுப்புழுக்கை கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் சூடு கிளம்பி வேர் வெந்துபோகும்.

குழி நிரப்பும்போதே நடுவில் ஒரு மண் கலயத்தைக் கழுத்துவரை புதைத்துவிடுவேன். பதநீர் இறக்குகிற சாதாரணக் கலயம் போதும், உள்ளே சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் சுரண்டிக் கழுவிவிடுங்கள். அதில் தண்ணீர் நிரப்பி ஓட்டால் மூடிவைத்தால், சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேருக்குப் போகும். கலயத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி விதை. இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், மேல்மண் காய்ந்திருந்தாலும் செடி வாடாது. பூசாத, மெருகிடாத கலயமாகப் பார்த்து வாங்குங்கள், மெருகு இருந்தால் கசியாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். அதனால் கலயத்துக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீரும், அரிசி களைந்த தண்ணீரும்.

வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஒரு அடிக்கு ஒன்றாக விரல் நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். 45 நாளில் முதல் காய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும், செடியும் காய்ப்பதைக் குறைக்கும். இலை நரம்பு மஞ்சளாக வலை பின்னினாற்போல் தெரிந்தால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. மருந்து கிடையாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் வரிசையே போகும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ அதில் ஒட்டும்.

சீனி அவரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊன்றி, தண்ணீர் விட்டால் காய்க்கும். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது, 25 நாளில் கடையலாம்.

இனி சுரை. நான் சாயங்காலம் எங்கும் போகாமல் இருப்பதே அதற்காகத்தான். சுரை விதைக்கு ஓடு கனம். ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து மூன்று நாள் வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும், அப்போது ஊன்றுங்கள். குழிக்கு ஐந்து போட்டு, நல்ல இரண்டை நிறுத்துங்கள். மயில் வந்து முளையைக் கொத்தும், பழைய சேலையைக் குச்சி நட்டு மேலே கட்டிவிடுங்கள். கொடி ஆறடிப் பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால்தான் பக்கக் கொடி ஓடும், பெண் பூ பக்கக் கொடியில்தான் அதிகம் வரும்.

முதல் பத்து நாள் வருவதெல்லாம் ஆண் பூ. பயப்பட வேண்டாம். பெண் பூவின் கீழே சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பிஞ்சு, மெல்லிய ரோமத்தோடு, சுரைக்காய் வடிவத்திலேயே இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். சுரைப்பூ சாயங்காலம் விரியும், அந்த நேரத்தில் தேனீ வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் நாமே செய்ய வேண்டும். ஆண் பூ ஒன்றைப் பறித்து, வெள்ளை இதழைப் பின்பக்கம் மடித்துக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெதுவாக மூன்று தடவை தொட்டுத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குக் காணும். நாலு நாளில் பிஞ்சு தலை கவிழ்ந்து, பளபளவென்று பச்சை ஏறினால் பிடித்துவிட்டது. மஞ்சளானால் போச்சு, கிள்ளிவிடுங்கள். பிடித்த பிஞ்சைத் துணிப்பையால் மூடினால் பழ ஈ குத்தாது. இரண்டு வாரத்தில் நகம் சுலபமாக இறங்கும் பதத்தில் அறுத்தால் கூட்டுக்கு அப்படி ஒரு மென்மை.

பிசான நெல் அறுப்பு முடிகிற நேரம் இது, வைக்கோல் சுலபமாகக் கிடைக்கும். செடி அடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். பங்குனி மத்தியில் மேற்குப் பக்கம் பனை ஓலை சாத்திவிடுங்கள். மத்தியான வெயில் தடுக்கப்பட்டாலே பாதிப் பாடு தீரும்.

பழம் என்றால் எங்கள் வீட்டில் மூன்று. பாத்திரம் கழுவுகிற அங்கணத்துத் தண்ணீர் போகிற இடத்தில் வாழை. குலை தள்ளும்வரை பக்கக்கன்றை வெட்டிக்கொண்டே இருப்பேன், தள்ளிய பிறகு ஒன்றை விடுவேன். புளியங்குடியிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை. அதற்குக் கோடையில் தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு வாரம் வறட்சி என்று இருக்கக் கூடாது, காய் வெடிக்கும். தளிரில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது புழு, கையால் எடுத்துவிடுங்கள். அப்புறம் பப்பாளி. நல்ல பழத்தின் விதையைச் சாம்பலில் தேய்த்து வழுவழுப்பைப் போக்கி, நிழலில் உலர்த்திப் பங்குனியில் நாற்று விட்டால், ஆனிச் சாரலில் நடத் தயாராகும். நாட்டு ரகமானால் குழிக்கு மூன்று நடுங்கள். பூத்த பிறகுதான் ஆண், பெண் தெரியும்.

சுரையில் முதல் கொத்தில் வந்த நல்ல காய் ஒன்றுக்கு நான் சிவப்பு நூல் கட்டிவிடுவேன், வீட்டில் யாரும் பறிக்கக் கூடாது. அது கொடியிலேயே முற்றி, பச்சை போய் வைக்கோல் நிறமாகும். ஆனி வாக்கில் அறுத்து அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டால், ஆவணியில் குலுக்கும்போது உள்ளே விதை கலகலவென்று கேட்கும். அதை உடைத்துச் சாம்பலில் புரட்டி, அடுத்த மாசிக்கு டப்பாவில் போட்டு வைக்கிறேன்.