புத்தாக்கச் சூழலை எப்படிப் படிப்பது? திருப்பூர் சாயத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவோம்

'இன்னோவேஷன் எகோசிஸ்டம்', அதாவது புத்தாக்கச் சூழல் என்று யாராவது பேச ஆரம்பித்தால் பின்னாலேயே ஒரு ஸ்லைடு வந்துவிடும். நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் பல்கலைக்கழகம், அரசு, வங்கி, முதலீட்டாளர், ஸ்டார்ட்அப் என்று பெட்டிகள், எல்லாப் பெட்டிக்கும் எல்லாப் பெட்டியிலிருந்தும் அம்புக்குறி. பார்க்க லட்சணமாக இருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது, சரி. யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது, அது ஒருநாள் நின்றுபோனால் யார் தலையில் விடியும், அது எங்கே இருக்கிறது அந்தப் படத்தில்?

அதனால் ஆட்களில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பொருளைப் பிடியுங்கள். அது கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று கேளுங்கள்: இங்கே புதிதாக என்ன சேர்கிறது, அதற்கு யார், எத்தனை நாளில் காசு கொடுக்கிறார்கள், இவர் நாளைக்குக் கடையைச் சாத்தினால் அடுத்தவர் எங்கே போவார். இதையே திருப்பூரில் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த ஊர் ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் மில்லிலிருந்து வருகிறது, நிட்டிங்கில் துணியாகிறது, துணி உருளை உருளையாக டெம்போவில் ஏறிச் சாயப்பட்டறைக்குப் போகிறது, அப்புறம் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்குவது), கட்டிங், தையல், இடையில் பிரிண்டிங்கோ எம்பிராய்டரியோ, கடைசியில் காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் நிறைய வேலை ஜாப் ஒர்க்காக, கூலிக்குச் செய்துகொடுக்கும் தனித்தனி முதலாளிகளிடம்தான் போய் வருகிறது. 2023-24ல் 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இப்படித்தான் ஓடுகிறது.

இதில் புத்தாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எல்லாரும் கல்லூரியையும் ஆய்வகத்தையும் காட்டுவார்கள். நீங்கள் லேப் டிப் நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். வெளிநாட்டு பையர் ஒரு கலர் எண்ணை அனுப்புகிறார். பட்டறையின் லேபில் சின்னத் துண்டுத் துணியில் அந்த ஷேடைப் போட்டு, கொஞ்சம் வெளிச்சம் மாற்றிப் பார்த்து, இரண்டு மூன்று வகையாக அனுப்புகிறார்கள். பையர் ஒன்றை ஓகே செய்த பிறகுதான் டன் கணக்கில் துணி சாயத்தில் இறங்கும். அந்தத் துண்டுத் துணிக்குப் பின்னால் டையிங் மாஸ்டரின் அனுபவம் இருக்கிறது, சாயம் விற்கும் கம்பெனியின் டெக்னீஷியன் வந்து சொல்லிக்கொடுத்தது இருக்கிறது, இயந்திரம் விற்றவர் செய்துகாட்டியது இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குத் தனியாக பில் கிடையாது. சரக்கோடு சரக்காக அறிவும் வந்து இறங்குகிறது. எந்த ஊரைப் படிக்கப் போனாலும் இப்படி பில் இல்லாமல் கை மாறுவது எது என்று தேடுங்கள், ஊரின் உண்மையான சொத்தில் பாதி அதில்தான் இருக்கும்.

இப்போது டி-ஷர்ட்டை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பின்தொடருங்கள். இதுதான் முக்கியமான வேலை, பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்: விற்கிற பொருளோடு நிறுத்திக்கொள்ளாமல், கழித்துப் போடுகிற பொருளையும் பின்தொடர வேண்டும்.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (நாரோடு வேதியியலாகப் பிணைகிற வகை) ஏற உப்பு வேண்டும், அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60 கிராமுக்குக் குறையாமல் போகும். துணியில் ஒட்டாத சாயமும் அத்தனை உப்பும் கழிவுநீரில்தான் வெளியேறும். பல வருடம் அது நொய்யல் ஆற்றில் கலந்தது. ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களின் பாசனத்துக்காக 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர்தான் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரை வைத்து யார் என்ன பயிர் செய்ய முடியும்?

1995ல் யாராவது திருப்பூருக்கு அந்தப் பெட்டிப் படத்தை வரைந்திருந்தால் ஏற்றுமதியாளர், பையர், வங்கி, சங்கம் எல்லாம் இருந்திருக்கும். அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயி இருந்திருக்க மாட்டார். ஆனால் இந்த ஊரின் தொழில்நுட்பத்தையே புரட்டிப் போட்டது அவர்தான். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று 2006ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது, 2009ல் உச்சநீதிமன்றமும் அதை விட்டுக்கொடுக்கவில்லை, அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. உங்கள் வரைபடத்தில் யாரைச் சேர்ப்பது என்று குழப்பம் வந்தால், இங்கே எதையும் வாங்காமல் விற்காமல் நஷ்டம் மட்டும் படுகிறவர் யார் என்று கேட்டு அவரை முதலில் எழுதுங்கள்.

பட்டறைகள் மூடியதும், ஒருவர் கடையைச் சாத்தினால் அடுத்தவர் எங்கே போவார் என்ற நம் மூன்றாவது கேள்விக்கு ஊரே பதில் சொன்னது. நிட்டிங்கில் துணி இருக்கிறது, தையலுக்கு ஆள் இருக்கிறது, கையில் ஆர்டர் இருக்கிறது, நடுவில் சாயம் மட்டும் இல்லை. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது, செலவு ஒருபக்கம், தாமதம் ஒருபக்கம். சங்கிலியில் எந்தக் கண்ணி முக்கியம் என்று சங்கத் தலைவரிடம் கேட்காதீர்கள். எது நின்றபோது மற்றதெல்லாம் நின்றது என்று பழைய செய்தித்தாளைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

அப்புறம் வந்த தீர்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'சேர்ந்து மதிப்பை உருவாக்குவது' என்று சொல்கிறார்களே, அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பது இங்கேதான் தெரிகிறது. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஆர்.ஓ. சவ்வு வடிகட்டியில் ஏற்றி, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பலாம். தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீட்க முடியும். மிஞ்சுவது உப்புக் கரைசல். அதைக் காய்ச்சி வற்றவைக்க எரிபொருளும் மின்சாரமும் ஏகத்துக்குச் செலவாகும். திருப்பூர் பக்கத்து அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு மாதிரி செய்தார்கள்: அந்தக் கரைசலையே நிறம் நீக்கி, கடினத்தன்மை குறைத்து, மறுபடி சாயம் போடவே அனுப்பினார்கள். உப்பும் மிச்சம், காய்ச்சும் செலவும் மிச்சம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இது ஓட யாரெல்லாம் மாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பட்டறைக்காரர் சாதா உப்பை விட்டு, மீட்க வசதியான சோடியம் சல்பேட்டுக்கு வர வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கும் பழைய 'விஞ்ச்' சாய இயந்திரத்தை விட்டுக் குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம் வாங்க வேண்டும், அதற்கு வங்கி கடன் தர வேண்டும். மீட்ட கரைசலில் கொஞ்சம் நிறமோ கடினத்தன்மையோ மிச்சமிருந்தாலும் ஷேடு மாறும், பையர் சரக்கைத் திருப்புவார். ஆகவே டையிங் மாஸ்டருக்கு அதன்மேல் நம்பிக்கை வர வேண்டும். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. போட்டியாளர்களான பட்டறைகளே பங்கு போட்டு 18 பொது நிலையங்களை நடத்தின, பக்கத்துப் பட்டறைக்காரர் கழிவை ஒழுங்காக அனுப்பாவிட்டால் தான் போட்ட பங்கும் வீண் என்று தெரிந்தே. தொழில்நுட்பம் தயாரா என்பது ஒரே ஒரு கேள்வி. அதற்காக யார் யார் தங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது பத்துக் கேள்வி, அந்தப் பத்தையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஆளைப் போடுங்கள். ஆள் கிடைக்காத வரி எதுவோ அங்கேதான் திட்டம் படுக்கும்.

ஒருவரின் தீர்வு இன்னொருவருக்குத் தலைவலியாவதையும் குறித்துவையுங்கள். காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் தனியார் பங்கேற்போடு போட்ட குடிநீர்த் திட்டத்தின் கணக்கே, தொழிற்சாலைகள் கூடுதல் விலைக்குத் தண்ணீர் வாங்கும் என்பதுதான். பட்டறைகள் மூடிக்கிடந்தபோது அந்த வருமானம் விழுந்தது. பட்டறைகள் தண்ணீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினாலும் வாங்குவது குறையத்தானே செய்யும்.

கடைசியாகக் காசு. சுத்திகரிப்புச் செலவைப் பட்டறைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியில் ஏற்றுகிறார், ஏற்றுமதியாளர் அதை பையரிடம் ஏற்ற முடியாமல் முழிக்கிறார், காரணம் இப்படியொரு நிபந்தனையே இல்லாத இடங்களிலும் துணி கிடைக்கிறது. ஆகவே எங்கே போனாலும் ரேட்டையும் கடன் நாளையும் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். பணம் கொடுப்பவர் '30 நாள்' என்பார், பணம் வாங்குபவர் சிரிப்பார். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராமல் வருடக் கடைசிவரை பாக்கி வைத்தால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று சட்டமே போட வேண்டி வந்ததென்றால் நிலவரம் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் ஒரு சூழல் நன்றாக இருக்கிறதா என்பதற்கு எத்தனை ஸ்டார்ட்அப் என்பதைவிட இந்த நாள் கணக்கு நல்ல அளவுகோல்.

யாரிடம் கேட்பது? சங்க அலுவலகத்துக்குக் கடைசியில் போனால் போதும். முதலில் இரண்டு பக்கத்தோடும் பழகுகிற ஆட்களைப் பிடியுங்கள்: மர்ச்சண்டைசர் (பையருக்கும் பட்டறைக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவர்), சாயம் விற்கும் ரெப்ரசென்டேட்டிவ், துணி ஏற்றும் டெம்போ டிரைவர். 'ஷேடு மாறிப்போனால் முதல் போன் யாருக்குப் போடுவீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், எந்த வரைபடமும் தராத தகவல் கிடைக்கும்.

இதையெல்லாம் பழகிப் பார்க்க ஒரு புதுக் கேஸ் வேண்டுமென்றால், திருப்பூர் இப்போது பருத்தியைத் தாண்டி பாலியெஸ்டர் பக்கம் நகரப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டருக்கு அந்த உப்பு வேண்டாம், ஆனால் 130 டிகிரியில் அழுத்தத்தோடு ஓடும் இயந்திரம் வேண்டும், சாயம் வேறு, நூல் கொடுப்பவர் வேறு. உப்பை மீட்கவென்றே முதல் போட்ட பொது நிலையத்துக்கு அப்போது என்ன வேலை, அதன் கடனை யார் கட்டுவார்கள்? அங்கிருந்து வரைய ஆரம்பியுங்கள்.