கருத்துக் கட்டுரை: தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் திருத்திய கட்டுரை நோட்டுகளைப் புரட்டினால், அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளே வரிசையாக வருகின்றன. ஒற்றுப்பிழை, பத்தி பிரிப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை நாளடைவில் சரியாகிவிடும்.

தலைப்பிலேயே தீர்ப்பு எழுதுவது

'நெகிழியின் தீமைகள்', 'பட்டாசு இல்லாத் தீபாவளி' என்று தலைப்பு கொடுத்துவிட்டு, 'சொந்தக் கருத்தை எழுது' என்கிறோம். முடிவு தலைப்பிலேயே இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று இடத்தை நிரப்புவது மட்டும்தான் பிள்ளைக்கு மிச்சம்.

சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளி, ஐந்தாம் வகுப்பு. பட்டாசுத் தலைப்பு. நோட்டுக்கு நோட்டு 'பட்டாசு வெடிப்பதால் காற்று மாசடைகிறது' என்றே தொடங்கியது. ஒரு சிறுமி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'பட்டாசு வேண்டும். அம்மாவுக்குச் சனிக்கிழமை கூலி வரும். ஆனால் அம்மா வேலைக்குப் போனால் எனக்குப் பயமாக இருக்கும்.' கீழே சிவப்பு மையில், 'தலைப்பை ஒட்டி எழுதவும்.' பத்துக்கு மூன்று.

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வகுப்பில் கருத்து என்று ஒன்றை எழுதியவள் அவள் ஒருத்திதான். காரணம் சொன்னாள்; தன் வாதத்துக்கு எதிரான பயத்தையும் மறைக்கவில்லை. அடுத்த கட்டுரையில் கரும்பலகையில் இருந்ததை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள்.

பட்டாசு வேண்டுமா, வேண்டாமா என்ற இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015இல் தொடரப்பட்ட வழக்கு அது. 2018 அக்டோபர் தீர்ப்பு பட்டாசை முழுதாகத் தடைசெய்யவில்லை. மக்களின் உடல்நலத்தையும் தொழிலை நம்பியிருப்பவர்களின் பிழைப்பையும் சேர்த்துப் பார்த்து, புகை குறைந்த பட்டாசுகளைத் தீபாவளியன்று இரண்டு மணி நேரம் வெடிக்கலாம் என்றது. நீதிபதிகளே இரு பக்கமும் கேட்ட விஷயத்தில் பத்து வயதுப் பிள்ளையின் வாயை ஏன் அடைக்க வேண்டும்? 'எங்கள் ஊரின் பெருமை பட்டாசு' என்று தலைப்பிட்டு, புகையில் மூச்சிரைக்கும் தம்பியைப் பற்றி எழுதும் பையனுக்கு மதிப்பெண் குறைத்தால் அதுவும் இதே தவறுதான்.

'தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கலாமா? ஏன்?' இப்படிக் கேளுங்கள்.

கரும்பலகையில் குறிப்புகளை வாக்கியமாக எழுதிப் போடுவது

வாக்கியத்தைப் பிள்ளைகள் அப்படியே நோட்டில் இறக்கிவிடுவார்கள். சொற்களை மட்டும் எழுதுங்கள்.

எந்தப் பக்கம் என்று கை தூக்கச் சொல்வது

முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் கை எழுந்ததும் மற்ற கைகள் தாமாக எழும். முதலில் எழுதட்டும், பிறகு பேசட்டும்.

ஆசிரியர் தன் கருத்தை முதலில் சொல்வது

கேட்டால் மட்டும், கடைசியில்.

எல்லாமே சரி என்று விட்டுவிடுவது

இது எதிர்க்கோடி. 'எனக்குப் பிடிக்கும், அதனால் பிடிக்கும்' என்றால் நோட்டைத் திருப்பிக் கொடுத்து 'ஏன்?' என்று ஓரத்தில் எழுதுங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் காரணத்துக்குத்தான் மதிப்பெண். அதைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.